கனகோபி: இடிபாடு காப்பாற்றிய தரை

1794ஆம் ஆண்டு, தென்கிழக்குப் பிரான்சின் ஃபோர்கால்கியே மாவட்ட நிர்வாகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: கனகோபி மேட்டிலுள்ள பழைய மடத்தை இடித்துவிட வேண்டும். ஆட்கள் தேவாலயத்தின் கிழக்குக் கோடியில் கைவைத்தார்கள். பலிபீடம் இருந்த அரைவட்டப் பகுதி, அதன் இருபுறமும் இருந்த சிறிய அரைவட்டங்கள், குறுக்குக் கூடம் எல்லாம் சரிந்தன. மேற்கே நடுக்கூடமும் வாசலும் தப்பின. கல்லும் காரையும் விழுந்த இடத்திலேயே குவிந்து கிடந்தன. அவற்றை யாரும் அள்ளவில்லை.

சோம்பலோ, அலட்சியமோ, கல்லை மலையிலிருந்து இறக்கக் கூலி கட்டுபடியாகவில்லையோ, எதுவானாலும் அந்தக் குவியலுக்கடியில் 12ஆம் நூற்றாண்டின் கல்பதிப்புத் தரை ஒன்று, எழுபது சதுர மீட்டருக்கும் மேல், கிடந்தது. அதைச் சுமார் நூறு ஆண்டுகள் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் மாட்டுக் குளம்பிலிருந்தும் காத்தது இடித்தவர்கள் விட்டுப்போன கற்குவியல்தான்.

கனகோபியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு இந்த முரண் ஒரு காரணம். இன்னொன்று, பிரான்சின் கிராமப்புற மடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாப் பழியையும் பெரும்பாலும் பிரெஞ்சுப் புரட்சியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். புரட்சி வந்தது, துறவிகள் போனார்கள், சுவர் விழுந்தது என்று கதை மூன்று வரியில் முடிந்துவிடும். கனகோபியின் வரலாற்றை நிதானமாகப் பின்னோக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கடப்பாரை வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மடத்தின் வருமானம் மலையிறங்கிப் போகத் தொடங்கிவிட்டது.

மேடு

துரான்ஸ் ஆறு ஆல்ப்ஸ் மலையிலிருந்து புரோவான்ஸ் சமவெளியை நோக்கி இறங்கும் வழியில், அதன் மேற்குக் கரையில் தட்டையான தலையோடு ஒரு குன்று எழும்புகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். ஆற்றுப் படுகையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 300 மீட்டர். மேலே கருவாலி மரங்களும் சுண்ணாம்புக் கல்லும் காற்றும்தான். வடமுனையில் வீல்வியேய், அதாவது 'பழைய ஊர்', என்று அழைக்கப்படும் மதில் சூழ்ந்த குடியிருப்பின் இடிபாடு இருக்கிறது. ஆக, துறவிகள் வருவதற்கு முன்பே இங்கே மனிதர் ஒதுங்கியிருக்கிறார்கள். மடத்திலிருந்து மேட்டின் இரு விளிம்புகளுக்கும் இரண்டு நடைபாதைகள் போகின்றன. ஒன்றின் முடிவில் துரான்ஸ் பள்ளத்தாக்கு. மற்றதன் முடிவில் ஃபோர்கால்கியே நாடு.

அடிவாரத்தில் கவனிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. ரோமானியர் கட்டிய கற்பாலம். இத்தாலியிலிருந்து ஸ்பெயின் வரை போன தொமித்தியா பெருவழி இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் சென்றது. அந்தச் சாலைக்காக ஓர் ஓடையின்மேல் போட்ட பாலம் அது. 'ஒதுக்குப்புறத் துறவு மடம்' என்ற படத்தை இந்தப் பாலம் கொஞ்சம் திருத்திவிடுகிறது. மடம் மேட்டின்மேல் தனித்திருந்தது உண்மை. ஆனால் வணிகரும் யாத்திரிகரும் படைகளும் போய்வந்த பாதை அதன் காலடியிலேயே கிடந்தது.

10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிஸ்தரோன் ஆயர் மூன்றாம் ஜான் இந்த மடத்தை நிறுவினார். சில ஆண்டுகளிலேயே அது க்ளூனி மடத்தின் கைக்குப் போனது. க்ளூனி பர்கண்டியில் இருக்கிறது, சாலை வழியில் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே. அவ்வளவு தூரத்திலுள்ள மடத்துக்குப் புரோவான்ஸ் மலையை ஏன் கொடுக்க வேண்டும்? அப்போது க்ளூனியின் மடாதிபதியாக இருந்த மாயோல் புரோவான்ஸ்காரர் என்பதை நினைவில் வைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். 972இல் ஆல்ப்ஸ் கணவாயில் சாரசன்களிடம் (முஸ்லிம்களை அன்றைய ஐரோப்பியர் அழைத்த பெயர்) பிடிபட்டு, பணயத்தொகை கொடுத்து மீட்கப்பட்டவர் அவர்தான். அந்தச் சம்பவம் மூட்டிய கோபத்தில்தான் புரோவான்ஸ் கோமான் கில்லோம் படை திரட்டி, ஃபிராக்ஸினே கோட்டையிலிருந்து சாரசன்களை விரட்டினார். மீதிப் பாதி விடை, க்ளூனியின் பெயருக்கு அன்றிருந்த மதிப்பு. 910இல் நிறுவப்பட்டபோதே அது உள்ளூர்ப் பிரபுக்களின் பிடிக்கு வெளியே, நேராகத் திருத்தந்தையின் பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்தது. அதனிடம் ஒப்படைத்த சொத்தில் அண்டை வீட்டுப் பிரபு அவ்வளவு எளிதாகக் கைவைக்க மாட்டான் என்ற நம்பிக்கை இருந்தது.

கிளை மடம் என்றால்

'பிரியோரே' என்று பிரெஞ்சில் சொல்லும் இந்த வகை மடத்தைச் சின்ன மடம் என்று மட்டும் புரிந்துகொண்டால் தவறு. அளவைவிட அதிகாரம்தான் இங்கே வேறுபாடு. தனி மடத்துக்குத் தனி மடாதிபதி உண்டு. அவரைத் துறவிகளே தேர்ந்தெடுப்பார்கள். கிளை மடத்துக்கு மடாதிபதி கிடையாது. தாய்மடம் அனுப்பிவைக்கும் தலைவர் மட்டும்தான். க்ளூனியின் கிளைகள் உச்சத்தில் ஆயிரத்தைத் தொட்டன. அங்கே இருந்த துறவிகள் எல்லாரும் கொள்கையளவில் க்ளூனி மடாதிபதியின் பிள்ளைகள். புனித பெனடிக்ட் (தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஆசீர்வாதப்பர்) வகுத்த ஒழுங்கு, க்ளூனியின் நீண்ட வழிபாட்டு முறை, ஆண்டுதோறும் தாய்மடத்துக்கு ஒரு தொகை: இவை மூன்றும்தான் உறவு. 13ஆம் நூற்றாண்டிலிருந்து பார்வையாளர்கள் கிளைகளுக்கு வந்து எத்தனை துறவிகள், கடன் எவ்வளவு, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். சுருக்கமாகச் சொன்னால் தணிக்கை.

வருமானம் மூன்று வழிகளில் வந்தது: சொந்த நிலம், குத்தகை, மடத்தின் பொறுப்பிலிருந்த ஊர்க் கோயில்களின் தசமபாகம். புரோவான்ஸில் அது கோதுமையாகவும் திராட்சை ரசமாகவும் ஒலிவ எண்ணெயாகவும் வந்து சேரும். 12ஆம் நூற்றாண்டில் ஃபோர்கால்கியே கோமான்களின் கொடைகளும் இதோடு சேர்ந்துகொண்டன. ஒரு திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 'இடைக்கால பிரெஞ்சு மடம்' என்கிறோம். ஆனால் கனகோபி அன்று பிரெஞ்சு அரசரின் ஆளுகையில் இல்லை. புரோவான்ஸ் அன்று புனித ரோமானியப் பேரரசின் எல்லைக்குள் இருந்தது. பிரெஞ்சு முடியாட்சியோடு அது சேர்ந்தது 1481இல்தான்.

தரை பேசுகிறது

இன்று நிற்கும் தேவாலயத்தின் வாசல் 12ஆம் நூற்றாண்டினது. மேலே அரைவட்டக் கல்லில் கிறிஸ்து, அவரைச் சுற்றி நற்செய்தியாளர் நால்வரின் சின்னங்கள், கீழே வரிசையாகப் பன்னிரண்டு சீடர்கள். நிலைகளின் ஓரம் மட்டும் விசித்திரமாக, பிறைபிறையாக வெட்டிய அலை வடிவில் போகிறது. அது முதலிலிருந்தே இருந்ததா, வேறெங்கோ இருந்த கற்களைப் பிற்காலத்தில் கொண்டுவந்து செருகியதா என்று அறிஞர்கள் வெகுநாள் வாதாடியிருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை குறைவு. உள்ளே போகலாம்.

நடுக்கூடம் இருட்டு. நேர்கோட்டுச் சுவர்கள், கூர்முனை வளைவுக் கூரை, அலங்காரம் என்று சொல்ல எதுவுமில்லை. கிழக்கே போகப்போகத் தரை மாறுகிறது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்றே நிறங்கள். தங்கமில்லை, வண்ணக் கண்ணாடியில்லை, கல்துண்டுகள் மட்டும். அவற்றை வைத்துப் பின்னல் பின்னலாக ஓரங்கள், அந்தப் பின்னல்களுக்கு நடுவே விலங்குகள். சிங்கம் இருக்கிறது, கழுகுத்தலைச் சிங்கம் இருக்கிறது, பாதி மனிதன் பாதி குதிரை வில்லேந்தி நிற்கிறான். குதிரைமேல் வரும் வீரன் ஒருவன் பறவைநாகத்தோடு பொருதுகிறான்.

யானையும் இருக்கிறது, முதுகில் கோபுரத்தோடு. வரைந்தவர் யானையைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சார்லமேனுக்கு பாக்தாத்திலிருந்து அன்பளிப்பாக வந்த யானை 802இல் ஆகன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததை ஐரோப்பா பல தலைமுறைகள் பேசிக்கொண்டிருந்தது, அவ்வளவு அபூர்வம். இங்குள்ள யானை கிழக்கிலிருந்து வந்த பட்டுத்துணிகளிலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும். தரை முழுவதையுமே விரித்துப்போட்ட கம்பளமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. பின்னல் ஓரங்களைப் பார்த்தால் அந்த எண்ணம் தானாகவே வருகிறது.

நடு அரைவட்டத்தில் இலத்தீனில் இரண்டு வரிகள் எழுத்துப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பேசுவது தரையே. 'என்னைச் செய்யவும் கொள்ளவும் நீ ஆணையிடுகிறாய், தலைவர் பெர்த்ரானே' என்கிறது முதல் வரி. 'பீட்டர் த்ருத்பெர்ட் என்னை விரைவுபடுத்தினான், என்னை நடத்தினான்' என்கிறது இரண்டாவது. மூலத்தில் ஒவ்வொரு வரியின் நடுவும் முடிவும் இயைபில் ஒலிக்கின்றன: ஃபியேரி, ஹபேரி, உர்கேபாத், ரெகேபாத். ஆணையிட்டவர் பெயரை எல்லா மடங்களிலும் செதுக்குவார்கள். வேலையை முடுக்கிவிட்டவன் பெயரும் அதே அளவு எழுத்தில், அதே செய்யுளுக்குள் வருவது அவ்வளவு வழக்கமில்லை. 'உர்கேபாத்' என்ற சொல்லில் பீட்டரின் குரல் எனக்குக் கேட்கிறது. கல் வெட்டுகிறவர்களையும் காரை குழைக்கிறவர்களையும் விரட்டிக்கொண்டு, பனிக்காலத்துக்கு முன் முடிக்க வேண்டும் என்று கத்திக்கொண்டு நின்ற மேஸ்திரியின் குரல்.

அறிஞர்கள் இந்தத் தரையை 1120களை ஒட்டி வைக்கிறார்கள். அதே ஆண்டுகளில், 1125 வாக்கில், கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்ட் க்ளூனிக்காரர்களின் ஆடம்பரத்தைக் கடுமையாகச் சாடி எழுதினார். மடத்து முற்றத் தூண்களில் குரங்கும் சிங்கமும் பாதிமனிதரும் எதற்கு என்று கேட்டார். தரையில் புனிதர்களின் உருவத்தைப் பதிக்கிறீர்கள், வானதூதர் முகத்தில் எவனோ துப்புகிறான், புனிதரின் கன்னத்தை வருகிறவன் போகிறவன் குதிகாலால் தேய்க்கிறான் என்றார். கனகோபியின் தரையை வைத்துப் பார்த்தால், அவருடைய முதல் குற்றச்சாட்டு நேராக வந்து விழுகிறது; மிருகங்களுக்குக் குறைவேயில்லை. இரண்டாவது அவ்வளவாகப் பொருந்தவில்லை. காலடியில் கிடப்பவை பெரும்பாலும் மிருகங்களும் அரக்கர்களும்தான். மிதிபட வேண்டியவை மிதிபடுகின்றன.

இந்த ஆய்வுக்கு முக்கியமான ஒரு கணக்கும் அதே ஆண்டுகளில்தான் இருக்கிறது. அப்போது தாய்மடம் கடனில் இருந்தது. 1088இல் தொடங்கிய மாபெரும் தேவாலயத்துக்கு ஸ்பெயினின் லெயோன்-காஸ்டீல் அரசர் ஆறாம் அல்ஃபோன்ஸோ ஆண்டுக்கு 2,000 பொற்காசு அனுப்பிவந்தார். 1109இல் அவர் இறந்தபின் அந்த ஊற்று வற்றியது. 1122இல் க்ளூனியின் பொறுப்பை ஏற்ற வணக்கத்துக்குரிய பீட்டர் கையில் கிடைத்தது பெரிய கட்டடமும் பெரிய கடனும். தலைமையகம் இப்படி மூச்சுத்திணறும்போது, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிளை மடம் லட்சத்துக்கு மேற்பட்ட கல்துண்டுகளை வெட்டிப் பதிக்கக் காசு வைத்திருந்தது. விளைந்த உபரி மேட்டிலேயே தங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வருமானம் மலையிறங்குகிறது

13ஆம் நூற்றாண்டில் புரவலர்கள் நகர்ந்தார்கள். ஃபோர்கால்கியே கோமான்களின் வழி 1209இல் புரோவான்ஸ் கோமான்களோடு கலந்தது. 1246இல் திருமணத்தின் மூலம் புரோவான்ஸ் ஆன்ஜு வம்சத்துக்குப் போயிற்று. இருபது ஆண்டுகளில் அந்த வம்சம் நேப்பிள்ஸில் அரியணை ஏறிவிட்டது. பக்கத்து ஊர்க் கோட்டையில் இருந்து, திருநாள்களில் வந்து கொடை தந்துகொண்டிருந்தவர்களின் இடத்தில் கடல்தாண்டி இருக்கும் அரசன்.

1347 இறுதியில் மார்செய் துறைமுகத்தில் பிளேக் இறங்கியது. அடுத்த ஆண்டு முழுவதும் அது புரோவான்ஸ் ஊர்களைக் காலிசெய்தது. விதைக்க ஆளில்லாத நிலத்திலிருந்து தசமபாகம் வராது. அந்த நூற்றாண்டின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் ரேமோன் த துரேன் என்பவரின் கூலிப்படைகள் வந்து, மிச்சமிருந்ததையும் சூறையாடின. இவை கனகோபிக்கு மட்டும் நேர்ந்தவையல்ல. புரோவான்ஸின் கிராம மடங்கள் பலவும் இந்த அடிகளை வாங்கின. அடி வாங்கியும் எழுந்திருக்க முடியும், நிலம் கையிலிருந்தால்.

எழ விடாமல் செய்தது வேறொரு ஏற்பாடு. 15ஆம் நூற்றாண்டில் கனகோபி 'கொமாந்த்' முறைக்குள் போனது. மடத்தில் வசிக்காத, பெரும்பாலும் துறவியே அல்லாத ஒரு குருவுக்கோ பிரபு வீட்டு இளைய மகனுக்கோ மடத்தலைவர் பட்டத்தைக் கொடுத்து வருமானத்தை அனுபவிக்க விடுவதுதான் கொமாந்த். தொடக்கத்தில் அது தற்காலிக ஏற்பாடு. தலைவர் இல்லாத மடத்தை வேறொருவர் பார்த்துக்கொள்வது. பிறகு அதுவே பரிசானது. 1516இல் போலோஞாவில் அரசருக்கும் திருத்தந்தைக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை பெரிய மடப் பதவிகளுக்கு ஆள் நியமிக்கும் உரிமையை அரசர் கையில் வைத்தது. அதற்குப்பின் மடத்தலைமை என்பது அரசவையில் கேட்டு வாங்கும் வெகுமதி.

இந்த முறையில் நாடு முழுக்க வழங்கிய பங்கீட்டைப் பார்த்தால் சங்கதி விளங்கும். வருமானத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒன்று பட்டம் பெற்றவருக்கு. ஒன்று துறவிகளுக்கு. மூன்றாவது கட்டடப் பராமரிப்புக்கும் மற்ற செலவுகளுக்கும். காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் பங்கை நிர்வகிப்பவரும் பெரும்பாலும் அதே பட்டம் பெற்றவர்தான். அவருக்குப் பாரீஸிலோ ஏக்ஸிலோ வீடு. கூரை ஒழுகுவது அவர் தலையில் இல்லை. துறவிகளோ கூரையைத் தொட்டால் தங்கள் பங்கிலிருந்து போய்விடுமோ என்று பேசாமல் இருப்பார்கள். இப்படியே ஒரு தலைமுறை போனால் தச்சுவேலையில் தொடங்குவது அடுத்த தலைமுறையில் சுவர்வேலையாகிவிடும்.

1562இல் மதப் போர் மூண்டபோது ஹியூகனாட்கள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள், இந்த மேட்டைப் பிடித்து உள்ளே புகுந்துகொண்டார்கள். கத்தோலிக்கப் படை அவர்களை வெளியேற்றியது. கட்டடங்கள் பலத்த சேதம் அடைந்தன. 17ஆம் நூற்றாண்டில் ஓரளவு செப்பனிட்டார்கள். ஆனால் புரட்சிக்கு முந்தைய கனகோபியில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்.

மீதி நிகழ்வுகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1789 நவம்பர் 2ஆம் தேதி திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமையாயின. 1790 பிப்ரவரியில் துறவற வாக்குகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. 1791இல் கனகோபி விற்கப்பட்டது. 1794இல் இடிப்பு. விற்கும்போது எதிர்த்து நிற்க மலைமேல் யாருமில்லை என்பதுதான் என் கவனத்தில் நிற்பது. அந்த நிலைமையைப் புரட்சி உண்டாக்கவில்லை. தயாராகக் கிடந்ததை எடுத்துக்கொண்டது.

கற்களுக்கடியில்

1891இல் அப்போதைய உரிமையாளரான ஒரு பிரபு இடிந்த மடத்தை மார்செய் நகரத்து பெனடிக்டீன் துறவிகளுக்குக் கொடையாகக் கொடுத்தார். சில துறவிகள் மேலே வந்து, குப்பையை அகற்றத் தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில், கிழக்குக் குவியலைத் தோண்டியபோது மண்வெட்டிக்கடியில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் தெரிந்தன.

தரை கிடைத்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1901இல் வந்த சங்கங்கள் சட்டத்தால் துறவற சபைகள் நெருக்கடிக்கு ஆளாயின. மார்செய் சமூகம் இத்தாலிக்கு, கோமோ ஏரிப் பக்கம், புறப்பட்டுப் போனது. 1922இல் திரும்பி வந்தபோது சவோய் வம்சத்தாரின் கல்லறைகள் உள்ள ஓத்கோம்ப் மடத்தில், பூர்ஷே ஏரிக்கரையில், குடியேறியது. கனகோபி கைவிடப்படவில்லை; ஆனால் முழு மடமாகவும் ஆகவில்லை. இடிந்த அரைவட்டங்களும் குறுக்குக் கூடமும் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் மீண்டும் எழுந்தன.

கூரை வந்தபிறகும் தரை தப்பியதாகிவிடவில்லை. குவியலுக்கடியில் நூறு ஆண்டு, பிறகு திறந்த நிலையில் பல ஆண்டு. அடியிலிருந்த காரை பலமிழந்திருந்தது. 1970களில் தரையைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து எடுத்தார்கள். இப்படிப் பெயர்ப்பதில் பொதுவாகச் செய்வது இதுதான்: மேற்பரப்பில் துணியை ஒட்டி, பழைய காரையிலிருந்து கற்களைப் பிரித்து, பணிமனையில் கவிழ்த்து வைத்துப் பின்பக்கத்தைச் சுத்தம்செய்து, புதிய அடித்தளத்தில் மறுபடி அமர்த்துவது. ஒரு துண்டு இடம் மாறினாலும் சிங்கத்தின் கண் கன்னத்துக்குப் போய்விடும். 1986இல் தரை மடத்துக்குத் திரும்பி, பழைய இடத்திலேயே பதிந்தது.

ஓத்கோம்பிலோ ஏரியைப் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. மௌனம் வேண்டும் என்று சபதம் எடுத்தவர்களுக்குப் படகு படகாக ஆட்கள் வந்து இறங்கினால் என்ன செய்வது? 1992இல் சமூகம் மொத்தமாகக் கனகோபிக்கு இடம்பெயர்ந்தது. இன்று அது கிளை மடம் இல்லை; சொந்த மடாதிபதியோடு முழு மடம். கூட்டத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இங்கேயும் கூட்டம் உண்டு, தரையைப் பார்க்கத்தான். பார்வையாளர்கள் நடுக்கூடத்தில் நின்று எட்டிப்பார்ப்பதோடு சரி. அதற்கப்பால் துறவிகளின் பாடல் இடம். வழிபாட்டு நேரத்தில் யானையும் வில்லேந்தியவனும் அவர்கள் காலடியில் கிடக்கிறார்கள். பெர்த்ரான் ஆணையிட்ட 'ஹபேரி' அதுதான்: கொள்ளுதல், வைத்துப் பயன்படுத்துதல்.

அவரை அனுப்பிவைத்த தாய்மடத்தின் கதை வேறாகப் போனது. க்ளூனியின் மாபெரும் தேவாலயம் 1798இல் விற்கப்பட்டு, 1823 வரை கல் வெட்டும் குவாரியாகப் பயன்பட்டது. அங்கே கற்களை அள்ளிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.